அந்த நாற்றம் அவருடையதல்ல

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். இருக்கிறோம் என்பதைவிட அகப்பட்டிருக்கிறோம் என்பதே சரி. பாரிசவாதம் வந்து அவருடைய இடது பக்கம் விழுந்த பிறகு, நான்கு பேர் கதிரையோடு தூக்கினால்தான் அவர் கீழே இறங்கலாம். கிளினிக்குக்கு மட்டும் அப்படி இறங்குவார். மற்றபடி அந்த ஓர் அறை, அதோடு ஒட்டிய பாத்ரூம், கையை நீட்டினால் பக்கத்துக் கட்டடச் சுவர் முட்டும் ஒரு யன்னல். அவரைத் தனியே விட்டால் எழும்பப் பார்த்து விழுந்துவிடுவார் என்பதால், அவருக்குப் பூட்டிய கதவு எனக்கும் பூட்டியதுதான்.

அந்த அறைக்குள்தான் நாற்றம் வந்தது. முதலில் விட்டுவிட்டு வந்தது. பிறகு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மலக்குழி நாற்றம். பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

நான் பாத்ரூமை உரஞ்சினேன். பிளீச்சிங் பவுடர் கொட்டினேன். சாம்பிராணி போட்டேன், சாம்பிராணியும் மலமும் சேர்ந்து மணத்ததுதான் மிச்சம். மெத்தை உறையை மாற்றி மாற்றித் தோய்த்தேன். இதையெல்லாம் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்.

"இஞ்சேரும், வீணா ஏன் மினக்கெடுறீர்? இது என்னிலயிருந்துதான் வருகுது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? பைப்பில எங்கயோ பிழை."

"நீர் எனக்காகச் சொல்லுறீர்."

இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்தால்தான் அந்த வார்த்தையின் கனம் விளங்கும். கந்தோருக்குப் போன காலத்தில் சேர்ட்டில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசலில் இருந்து திரும்பி வருவார். கழுத்துக்குப் பவுடர் போடாமல் கடைக்குக்கூடப் போக மாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் வேர்வை நாறினால் எழும்பி நின்றுகொண்டே வருவார். அந்த மனிதரை இப்போது நான்தான் கழுவித் துடைக்கிறேன். அந்த வெட்கமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் இது.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவருடைய கணக்கு. ஞாயிறு தவறாமல் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து கிரிக்கெட் கதைக்கும் பழைய கந்தோர்ச் சிநேகிதரை, "நித்திரை எண்டு சொல்லி அனுப்பும்" என்றார். அந்த மனிதர் வாங்கிவந்த வாழைப்பழச் சீப்பை என் கையில் தந்துவிட்டு, படியில் நின்று அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கினார். அடுத்த ஞாயிறும் அதே கதை. யாராவது மணியடித்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்: "அறைக் கதவைச் சாத்தும்!"

டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் பழுதாகும், ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டி வரும் என்றார். நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சமையலறைக்குள் போய் அழுதேன். அழக்கூட அந்த வீட்டில் வேறு இடமில்லை.

குழாய் வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், கொமோட்டைக் கழற்றினார், அடியில் புதுச் சீமெந்து பூசினார், "தெங் ஹரி நோனா" என்றார் சிங்களத்தில். இப்போது சரியாம். பூசிய சீமெந்து காய முதலே நாற்றம் திரும்பிவிட்டது. பிறகு எத்தனை முறை எடுத்தும் அவருடைய ஃபோன் வேலை செய்யவில்லை.

காரணத்தைக் கடைசியில் என் காதுதான் பிடித்தது. ஒரு நாள் காலை பாத்ரூம் தரையைக் கழுவிவிட்டு நின்றேன். தண்ணீர் போகும் ஓட்டையில் வழமைபோலக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. நாற்றமில்லை. மேல்வீட்டில் ஃபிளஷ் இழுத்தது கேட்டது. எங்கள் ஓட்டை 'களக்' என்று ஒரு மிடறு விழுங்கியது. குனிந்து பார்த்தால் தேங்கி நின்ற தண்ணீரைக் காணோம். அடுத்த நிமிஷம் நாற்றம் முகத்தில் அடித்தது.

வாளியால் தண்ணீர் ஊற்றினேன். அடங்கியது. மேலே மறுபடி இழுத்தார்கள். களக். மறுபடி நாற்றம். அந்த ஓட்டையில் நிற்கும் தண்ணீர்தான் குழியின் காற்றை மறிக்கும் மூடி, அதை ஏதோ கீழே உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று விளங்கியது. இப்படி உறிஞ்சாமல் இருக்கத்தானே மொட்டைமாடிவரை ஒரு காற்றுக் குழாய் போகிறது? குழிக் காற்று அதால் மேலே போக வேண்டும், வெளிக்காற்று அதால் உள்ளே வர வேண்டும். அது அடைபட்டிருக்கிறது.

ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். "கேட்டீங்களே? நீங்கள் இல்லை! மேல போற பைப்தான்!"

அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "சரி," என்றார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அந்த 'சரி'தான் என்னைப் படியேற்றியது. கட்டிலைச் சுற்றித் தலையணைகளை அடுக்கி, அசையக்கூடாது என்று அதட்டிவிட்டு, மொட்டைமாடிக் கதவின் திறப்பை வாங்க மேல்வீட்டுக்குப் போனேன். மேல்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்து மனுசி, தனியே இருப்பவர், இரண்டு ஒழுங்கைக்குக் கேட்கக் கதைப்பார். திறப்பு எப்போதும் அவரிடம்தான். என்ன விஷயமென்று கேட்டுக்கொண்டே பின்னால் ஏறி வந்தார்.

தண்ணீர்த் தாங்கிகளுக்கு அப்பால், முழு வெயில் படும் மூலையில் அந்தக் குழாய் நின்றது. தலையில் ஒரு வெறும் பால்மா டின். காற்றுக்குப் பறக்காமல் பொலித்தீன் சுற்றி, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"எந்தக் கோதாரி விழுந்தது இதை மூடினது?" என்று கத்தினேன்.

"நான்தான் பிள்ளை," என்றார் அக்கா. "மோர்மிளகாய் காயப்போட இந்த மூலையில மட்டும்தானே வெயில். இதுக்குள்ளயிருந்து ஒரே ஊத்தை மணம். திங்கிற சாமானெல்லே? அதான் மூடிவிட்டனான். காய்ஞ்ச பிறகு கழட்டுவம் எண்டிருந்து மறந்துபோனன்."

"மிளகாய் காயப்போட வேற இடம் கிடைக்கேல்லையே உங்களுக்கு? அந்த மனுசன் அங்க—"

"உன்ரை மனுசனுக்குத்தானே காயப்போட்டனான்," என்றார் அவர், முகம் சுருங்கி. "மோர்மிளகாய் இருந்தால் நல்லாச் சாப்பிடுவார் எண்டு நீதானே சொன்னனி. போத்தல்ல போட்டு வச்சிருக்கிறன். ரெண்டு மூண்டு தரம் கொண்டுவந்தனான், நித்திரை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாய்."

வாய்க்குள் வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானே கயிற்றை அவிழ்த்தேன். டின்னை எடுத்ததும் குப்பென்று வந்த நாற்றத்தில் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தோம். நாறட்டும், ஆகாயத்தில் நாறட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அக்கா, இந்த டின்னோட வாங்கோ. இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே அவருக்குச் சொல்லவேணும்."

போகிற வழியில் தன் வீட்டுக்குள் நுழைந்து மிளகாய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டார். அறை வாசலில் இவர் "கதவைச் சாத்தும்" என்று தொடங்க முதலே அக்கா உள்ளே போய்விட்டார். கட்டிலருகே நின்று, டின்னை ஆட்டி ஆட்டி, வெயில், மூலை, ஊத்தை மணம், நைலோன் கயிறு எல்லாவற்றையும் அந்தப் பெரிய குரலில் கொட்டித் தீர்த்தார். "வீடு நாறினதெல்லாம் என்ரை விசர் வேலை தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இவர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னபோது நம்பாதவர். எனக்கு அவருக்காகப் பொய் சொல்லத் தெரியும். அக்காவுக்கு அப்படியொரு தேவை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப, நான் இல்லையோ?" என்று கேட்டார்.

அக்காவுக்கு விளங்கவில்லை. "என்ன நீங்கள் இல்லையோ?"

எனக்கு விளங்கியது. மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து நீட்டினேன். நல்ல கையால் வாங்கி, கிளாஸ் முடியும்வரை குடித்தார். பிறகு போத்தலைக் காட்டி, "ரெண்டு பொரியுமன்," என்றார்.

அக்கா தன் வீட்டுக்குக் கிளம்பினார். அவரை வழியனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போகிற நான், பழக்கத்தில் அறைக் கதவை இழுத்தேன்.

"சாத்தாதையும்," என்றார்.