பாட்டுப் பெட்டிக் கடை

கல்லூரியைச் சுற்றி எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் சொல்லக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கடைகள் எதிலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. பினாங்கில் அந்தப் பெரிய ஆங்கிலக் கல்லூரியின் மதிலுக்குப் பின்னால், ஒரு சந்தில்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை எல்லாக் கடைகளையும் கடந்து வருவேன். எங்கே மீன் பொரிக்கிறார்கள், எங்கே பருப்பு அடிப்பிடித்துவிட்டது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். டிராம் வண்டி ஓட்டிவிட்டுக் களைத்து வரும் அப்பாவுக்கு இதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் என் மூக்கின் பெருமையைச் சொல்வார்.

அந்த வருஷம் டிசம்பரில் எங்கள் வீட்டில் தம்பி பிறந்திருந்தான். அம்மா உள்ளறையை விட்டு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா பத்தியச் சமையல் செய்து கொண்டுவந்து கொடுப்பார். அதில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேராக உள்ளறைக்குப் போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து பெரியப்பாவும் அவருடைய மகனும் வந்தார்கள். ரயிலில் பிறை ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கிருந்து படகேறி வந்திருந்தார்கள். பெரியப்பா மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். அண்ணன்தான் அந்தத் தோட்டத்திலிருந்து ஆங்கிலம் படிக்கப்போன முதல் பிள்ளை. சீமையிலிருந்து கேள்வித்தாள் வரும் பெரிய பரீட்சையை எழுத வந்திருந்தான். தேறிவிட்டால் சர்க்கார் ஆபீசில் நாற்காலி. பரீட்சை அந்த ஆங்கிலக் கல்லூரியில் நடந்தது. ஐந்து நாள், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, நடுவில் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம்.

வீட்டில் சமைக்க ஆளில்லாததால் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“மலிவாவும் இருக்கணும், சுத்தமாவும் இருக்கணும். பரீட்சை எழுதற புள்ள. கல்லூரி கேட்டுக்கு எதிர்ல அக்கா கடை இருக்கில்ல, அங்கயே கூட்டிட்டுப் போ. டிராம்காரனுங்க எல்லாம் அங்கதான் சாப்பிடறானுங்க லா.”

அக்கா கடையை எனக்கு நன்றாகத் தெரியும். அத்தாப்பு ஓலைக் கூரை, இரண்டு பெஞ்சு, எந்நேரமும் ஆவி. காலையில் இட்லி, மத்தியானம் சோறு. உடைந்துபோன இட்லியில் சர்க்கரை தொட்டு அக்கா எத்தனையோ தடவை என் கையில் வைத்திருக்கிறார். என் மூக்கைக் கேட்டிருந்தாலும் அதே கடையைத்தான் சொல்லியிருக்கும்.

ஆனால் தெருமுனையில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை வந்திருந்தது. பச்சைச் சாயம் பூசிய பலகை, பளிங்கு பதித்த மேசைகள், வாசலை ஒட்டி ஒரு முக்காலியின்மேல் பித்தளைக் குழாய் வைத்த பாட்டுப் பெட்டி. உள்ளே சாப்பிடுகிறவர்களைவிட வெளியே நின்று பாட்டுக் கேட்கிறவர்கள் அதிகம். நான் தினமும் நிற்பேன். பெரியப்பா வருவதற்கு முதல் நாள், தோளில் ஈரத்துண்டு போட்ட கடைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“சும்மா நின்னு கேட்டா எனக்கு என்ன பாப்பா லாபம்? சாப்பிட ஆள் கூட்டிட்டு வா. பெட்டிக்கு நீயே சாவி குடுக்கலாம், நீயே பாட்டு பிளேட்டும் மாத்தலாம்.”

மறுநாள் காலையில் நான் முன்னால் நடந்தேன். பெரியப்பாவும் அண்ணனும் பின்னால் வந்தார்கள். அண்ணன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு போட்டிருந்தான்; கை கொஞ்சம் நீளம். அக்கா கடை வாசலுக்கு வந்ததும் பெரியப்பாவின் நடை தானாக நின்றது.

“என்ன தங்கச்சி, ஊர்லேருந்து ஆளா? வாங்கண்ணே, சூடா இருக்கு” என்றார் அக்கா.

நான் பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அக்காவின் காதில் விழாதபடி, “இங்க வேணாம் பெரியப்பா. போன வாரம் சாம்பார்ல பல்லி கெடந்துச்சாம்” என்றேன்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்துவந்த பத்தடி தூரத்தில் நானே உண்டாக்கிய பல்லி அது.

பெரியப்பா ஆவி பறக்கும் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்படியா?” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அக்கா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

கடைக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நான் சாவி கொடுத்தேன். முள்ளைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். முதலில் வெறும் கரகரப்பு, பிறகு அந்தக் கரகரப்பைத் தள்ளிக்கொண்டு எழுந்து வரும் ஒரு பெண் குரல். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தக் குரலை நான்தான் வரவழைத்தேன் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவும் அண்ணனும் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் மெதுவாகச் சொன்னான்: “கொழம்பு புளிச்சுப்போன மாதிரி இருக்கே.”

“இங்க எல்லாக் கடையிலயும் இப்படித்தாண்ணே. புளி கூடப் போடுவாங்க” என்றேன், பெட்டியை விட்டுக் கையை எடுக்காமல்.

அண்ணன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அடுத்த பாட்டப் போடு பாப்பா, கேப்போம்” என்றார்.

நாலாம் நாள் மத்தியானம் கணக்குப் பரீட்சை. அண்ணனுக்குக் கணக்கு என்றால் வெல்லம். அன்றைக்கு மீன் குழம்பு. இலையில் ஊற்றும்போதே வாசலில் நின்ற எனக்கு வாடை வந்தது. முந்தின நாள் மீன். அப்பா பெருமைப்பட்ட என் மூக்கு அன்றைக்கும் சரியாகத்தான் வேலை செய்தது. ‘வேணாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் அன்றைக்குத்தான் புதுசாக ஒரு பாட்டுத் தட்டு வாங்கிவந்து உறை பிரிக்காமல் என் கையில் கொடுத்திருந்தார். நான் உறையைப் பிரித்தேன்.

பரீட்சை தொடங்கியபின் பெரியப்பாவும் நானும் கல்லூரிக்கு வெளியே அங்சானா மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் ஆகியிருக்காது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு பியூன் கூடவே வந்தார். கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து குடல் வெளியே வருவதுபோல் வாந்தியெடுத்தான். பெரியப்பா ஓடிப்போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். எதிர்க் கடையிலிருந்து அக்கா உப்புப் போட்ட வெந்நீரோடு ஓடி வந்தார்.

“எங்கண்ணே சாப்பிட்டீங்க? புள்ள இப்படித் துவண்டு போச்சே.”

“பயணத்துச் சூடும்மா” என்றார் பெரியப்பா.

நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான். உள்ளே விடச் சொல்லி அவன் பியூனிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வெளியே வந்தான். மூன்றாவது தடவை போகவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தவர், அண்ணன் பாயில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து என் பக்கம் திரும்பினார்.

“எங்க சாப்பிட்டீங்க? அக்கா கடையிலதானே?”

நான் நிலைப்படிப் பக்கம் நகர்ந்தேன். பெரியப்பாதான் பேசினார்.

“அங்கதான் சாப்பிட்டோம். சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. நாந்தான் வெயிலுக்கு இதமா இருக்கட்டுமேன்னு வழியில ஐஸ் தண்ணி வாங்கிக் குடுத்தேன்.”

அப்பா தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார். “பரீட்சை அன்னைக்கு ஐஸ் தண்ணியா அண்ணே? இத்தன வருசம் படிக்க வெச்சிட்டு, இன்னிக்கா?” என்றார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். தம்பிக்காரன் முன்னால் அவர் அப்படிக் குனிந்து நின்றதை நான் நிலைப்படியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவுக்குக் கடைகள் குழம்பிவிட்டன என்று நினைத்தேன். தோட்டத்து மனிதருக்குப் பட்டணத்துக் கடையெல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், எது யார் கடை என்று எப்படித் தெரியும்? ஐஸ் தண்ணியும் எப்போதாவது நான் பார்க்காதபோது வாங்கிக் கொடுத்திருப்பார். நல்லவேளை, தப்பித்தேன். உள்ளே போய்த் தம்பியைப் பார்ப்பதுபோல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் பெரியப்பா என்னிடம் வழி கேட்கவில்லை. அவரே முன்னால் நடந்து அக்கா கடைக்குப் போய் அண்ணனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். “இத்தன நாளா கண்ணுல படலயா எங்க கடை?” என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். “தெரியாமப் போச்சும்மா” என்றார். எனக்கும் இட்லி வைத்தார்கள். தெருமுனையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மற்றதெல்லாம் தேறி, கணக்கில் போய்விட்டது. கணக்கில்லாமல் சர்ட்டிபிகேட் இல்லையாம். இரண்டாம் தடவை பணம் கட்டி எழுத வைக்கப் பெரியப்பாவால் முடியவில்லை. அண்ணன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் போனான். அங்கேயே இருந்துவிட்டான். எங்கள் வீட்டில் யாராவது பரீட்சை என்று பேச்செடுத்தால் போதும், அப்பா அந்த ஐஸ் தண்ணிக் கதையை ஆரம்பித்துவிடுவார். பெரியப்பா உட்கார்ந்திருக்கும்போதே, சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்வார். பெரியப்பா ஒருநாளும் மறுத்ததில்லை. “ஆமா, என் புத்தி” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுப்பார். ஒவ்வொரு தடவையும் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எழுந்துதான் போனேன்.

பெரியப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அண்ணனும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லியை, முந்தின நாள் மீனை, உறை பிரித்த தட்டை. அண்ணன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எங்களுக்குத் தெரியும் தங்கச்சி” என்றான்.

எனக்குப் புரியவில்லை.

“ரெண்டாம் நாளே அப்பாகிட்ட சொன்னேன், நாளைக்கு அந்தக் கடை வேணாம், அக்கா கடைக்கே போவோம்னு. பல்லி பொய்தான்னு அவருக்கும் தெரியும். ஆனா அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘அந்த வீட்ல பையன் பொறந்ததிலேருந்து யாராச்சும் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசறாங்களா பாரு. அந்தப் பெட்டிகிட்ட நிக்கும்போதுதான் அவ மூஞ்சியில சிரிப்பு வருது. இன்னும் மூணு நாள்தானே, சகிச்சுக்க’ன்னார்.”

“உனக்குக் கோவம் வரலியா?”

“வந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். வாந்தியெடுத்த அன்னைக்கு ரொம்பவே வந்துச்சு. மீன் அவ்வளவு கெட்டுப்போயிருக்கும்னு அவரும் நெனைக்கல. அதான் பழியத் தன் மேல போட்டுக்கிட்டார்.”

உள்ளே பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எழுந்து போய் அவர்களை அதட்டிவிட்டு வந்து மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஒன்றும் தெரியாத ஒரு மனிதரை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் அத்தனை வருஷமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்குப் பழகிப்போயிருந்தது. இது வேறு. கடை வாசலில் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்ற அந்த நாலு நாளும் உலகத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒருவர் அந்தப் புளித்த குழம்புச் சோற்றைப் பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருமுறைகூட மேசைப் பக்கம் திரும்பவில்லை.