சீட்டில் வெறும் ‘ஆண்டாள்’

இன்று காலை ராஜபாளையம் கண் ஆஸ்பத்திரியின் அளவெடுக்கும் அறையில் இருந்தது நாலு பேர்: நான், என் கணவரின் அக்கா ஆண்டாள் மதினி, சேத்தூரிலிருந்து வந்த இன்னொரு ஆண்டாள், அளவெடுக்கும் பெண்.

கண்ணின் நீளத்தை வைத்துத்தான், புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்குப் போடுகிறார்கள். மதினிக்குச் சிறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி; கண் அவ்வளவு நீளம். “இருபத்தாறு மில்லிமீட்டர்” என்று அந்தப் பெண் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். கைக்கு வந்த சீட்டிலோ இருபத்திரண்டு!

“ஏம்மா, இது எங்க மதினி சீட்டு இல்லையே?”

“ஆண்டாள்னுதான போட்டிருக்கு?”

“அந்தா உக்காந்திருக்காகளே, அவியளும் ஆண்டாள்தான்!”

“இந்தப் பக்கம் பாதிப் பேரு ஆண்டாள்தாம்மா. நாலு மில்லிமீட்டர்ல என்ன வந்துரப் போவுது?”

“நாளைக்கு ஆப்பரேஷன். தப்பு லென்ஸை உள்ள வச்ச பொறவு நீ வந்து கழட்டி மாத்துவியா?”

கத்தியேவிட்டேன். பெருமாள் மன்னிக்கட்டும்.

திரும்ப அளந்தார்கள். மதினிக்கு இருபத்தாறேதான். இருபத்திரண்டு, சேத்தூர் அம்மாவுக்கு.

ஆண்டாள் தாயாரின் பெயரை வைத்துக்கொண்டது நம் பெண்களின் குற்றமாம்! நம் பஜனை கோஷ்டியிலேயே மூன்று ஆண்டாள் இருக்கிறீர்கள். அங்கே அளந்துகொண்டவர்கள், சீட்டில் வீட்டுக்காரர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துச் சீக்கிரம் பதில் கார்டு போடுங்கள்.