பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காதவர்

தையல்காரக்காவுக்கு ஆளுங்கட்சியில் பெரிய பதவியெல்லாம் கிடையாது. தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்காருவாள். முடிந்ததும் பழையபடி கடையில் மெஷினை மிதிக்கப் போய்விடுவாள். எதிர்க்கட்சி ஏஜெண்ட் சைக்கிள் கடைக்காரர். அவருக்கு ஊர் வைத்த பெயர் குடைச்சல். சும்மாவா வைத்தார்கள்? மனுஷர் ஓட்டுப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். மத்தியானச் சாப்பாடுகூடப் பெட்டியில் காலை முட்டுக்கொடுத்தபடிதான். "பெட்டிக்கும் ஒரு வாய் ஊட்டுங்கண்ணே," என்று அக்கா சீண்டுவாள்.

இந்தத் தடவை அவள் தம்பி சுயேச்சையாக நின்றான். அவன் குடியிருப்பது வேறு தெரு, ஓட்டும் வேறு சாவடி. "உன் சாவடியில எனக்கு ஏஜெண்டா உட்காருக்கா," என்று கேட்டான். கட்சியைப் பகைத்துக்கொள்ள அவளுக்குப் பயம். "குடைச்சல் இருக்கார்டா. அவரைத் தாண்டி ஒண்ணும் நடக்காது," என்று தட்டிக் கழித்தாள். மனதார நம்பித்தான் சொன்னாள், பாவி.

அடுத்த வாரமே எதிர்க்கட்சி மொத்தமாக ஆளுங்கட்சியோடு சேர்ந்துவிட்டது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? கட்சிதானே மாறியது, மனுஷர் அதே மனுஷர்தானே என்று இருந்துவிட்டாள்.

ஓட்டுப் போடும் நாளன்று குடைச்சல் அதே நாற்காலியில், அவளுடைய கட்சி பேட்ஜைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தன் முறை வந்ததும் மறைப்புக்குள் போய், தம்பியின் சின்னத்தில் முத்திரையை அழுத்திவிட்டு வந்தாள்.

மத்தியானம் கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். "பெட்டி உள் ரூம்ல இருக்கட்டும். நீங்க நிம்மதியா சாப்பிடுங்க," என்று தூக்கினார்கள். சாவடி அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடைச்சல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். "அண்ணே, பெட்டிய எடுத்துட்டுப் போறாங்க."

"எல்லாம் நம்மாளுங்கதானேம்மா," என்றார், தலை நிமிராமல்.

வந்தவர்களில் ஒருவன் திரும்பி நின்றான். "கடைய இன்னைக்குப் பூட்டிட்டா வந்தீங்க, அக்கா?" என்று தன்மையாகக் கேட்டான். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அங்கேயே எண்ணினார்கள். தம்பிக்கு ஒரு ஓட்டுகூட இல்லை என்று அதிகாரி படித்தார். குடைச்சல் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டாள்.

தம்பி வாசலிலேயே காத்திருந்தான். அவன் சண்டைக்கு வரவில்லை.

"நீகூடவா எனக்குப் போடலக்கா?"

அவளுக்குப் பின்னால் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள்.

"வீட்டுக்குப் போடா," என்றாள்.