ஆறு மணிக்குப் படியேறி வந்தவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அறிவியல் ஆசிரியை வேறு. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும், கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்தேன். கணவர் குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. காலையில் மலைக்குப் பஸ், சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பினால் அந்த வீடும் நானும்தான்.

மூன்றாவது வாரம் அது ஆரம்பித்தது. ஆறு மணி இருக்கும், வெளியே நல்ல வெளிச்சம். யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து மாடிப்படி ஏறி வருகிறார். வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிற ஆளின் நடை. என் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. தட்டவில்லை. திறந்து பார்த்தேன், யாரும் இல்லை.

கீழ்வீட்டு அக்காதான் வீட்டுக்காரர். படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மேல யாருக்கா வந்தாங்க?"

"யாரும் வரலியேம்மா. நான் இங்கயேதான குந்திகினு இருக்கேன்."

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில் நின்றேன். பிறகு ஒருநாள், ஏன் என்று கேட்காதீர்கள், போய்க் கதவை விரியத் திறந்து ஓரமாக நின்றேன். எதுவும் உள்ளே வரவில்லை. ஆனால் சுமையை இறக்கி வைத்த மாதிரி நீளமாக ஒரு மூச்சு, என் முகத்துக்கு நேரே. பயமாக இல்லை. யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார் என்றிருந்தது. நம்பினால் நம்புங்கள், அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு தினமும் திறந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறு மணிக்கு முன்னால் முகம் கழுவித் தலைவாரிக்கொள்ளவும் ஆரம்பித்தேன். "குரலே தெளிவா இருக்கே, இன்னா விசேஷம்?" என்று கணவர் போனில் கேட்டபோது ஏதோ தப்புச் செய்தவள் போலப் பேச்சை மாற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஒருவரை மேலே கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள்.

"இவருதாம்மா உனக்கு முன்னாடி இங்க குடியிருந்தவரு. சம்சாரம் ஆஸ்பத்திரில தவறிப் போச்சு, அப்பறம் சேலத்துக்குப் போயிட்டாரு. வூட்ட ஒரு தபா பாக்கணுங்கறாரு."

அவர் உள்ளே வரவில்லை. அக்கா கீழே இறங்கியதும், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு மில்லுல நைட் ஷிப்ட்டு. பகல்ல படுத்தா, சாயங்காலம் முழிக்கறதுக்கு முன்னாடி ஒரே கனவு. இந்த வூட்டுப் படி ஏறி வர்றேன். கதவு சாத்தியே கெடக்கும். இப்ப ரெண்டு மாசமா யாரோ தொறக்கறாங்க. மொகம் தெரியல. அது நீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நான்தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கைகூப்பிவிட்டு, தனக்குக் கடிதம் வந்தால் சொல்லச் சொல்லி போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் எனக்கு ரிஷிவந்தியம் பக்கம் மாறுதல் வந்து வீட்டைக் காலி செய்தேன். அக்கா பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார், வேறு யாரும் குடிவரவில்லை. பத்து நாளுக்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மனிதர் மூடிய கதவின் முன்னால் நிற்பாரே என்று அவருக்குப் போன் செய்து, வீட்டை விட்டுவிட்டேன் என்றேன்.

"இன்னாங்க சொல்றீங்க? நேத்துகூட தொறந்தீங்களே. இப்பல்லாம் உள்ள வாங்கன்னுகூட கூப்புடறீங்க."

நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதைச் சொன்னதும் கூப்பிடுவது யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது போல. பிறகு சின்னக் குரலில், "அப்ப, உள்ள போவட்டுங்களா?" என்றார்.

பயந்துவிட்டேன். உள்ளே போனால் திரும்ப மாட்டார் என்று தோன்றியது. "வேணாங்க, போவாதீங்க" என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். அந்தக் கனவு நின்றுபோய்விட்டதாம். என்மேல் குறை சொல்லவில்லை. "அவ கூப்ட்டப்பவே போயிருக்கலாங்க" என்றார், அவ்வளவுதான்.

என் கணவர் ஊருக்கே வந்துவிட்டார், நன்றாக இருக்கிறோம். ஆனால் சாயங்காலம் அவருக்குக் கதவைத் திறந்து "உள்ள வாங்க" என்று சொல்ல இன்னமும் எனக்கு வாய் வருவதில்லை.