பல்லில் கடித்துப் பார்த்த மண்

நறநறவென்று பல்லுக்கிடையில் மண் அரைபடும் ஓசைதான் என் சின்ன வயதின் விடியற்காலை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளடங்கிய எங்கள் ஊரில், அம்மா எழுந்ததும் ஈரச்சாக்குப் போட்டு மூடிய களிமண்ணில் மிளகளவு கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். பொடிக்கல் ஒன்று தட்டுப்பட்டாலும் அந்த மண்ணை மறுபடி சலிக்க வைப்பாள், ஏனென்றால் அந்தப் பொடிக்கல்லே சூளைக்குள் ஒரு மண்குதிரையின் கழுத்தைத் தெறிக்க வைத்துவிடும். "கண்ணுக்குத் தெரியாதுடி, பல்லுக்குத் தெரிஞ்சிப் போவும்" என்பாள்.

பெரிய வீடுகளின் வாசலில் வைக்கிற குதிரையும், பூ ஒட்டிய ஜாடியும்தான் எங்கள் வேலை. உருவத்தை அப்பா எழுப்புவார். அதன்மேல் ஒட்டுகிற பூ, சலங்கை, கண் எல்லாம் அம்மாவின் கை. ஒரு பூவுக்கு ஐந்து இதழ் என்றால் ஐந்திலும் அவள் கட்டைவிரல் ரேகை படிந்திருக்கும்.

பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒருவர், வெறும் செம்மண் நிறம் விலை போகவில்லை என்று சொல்லி ஒரு மூட்டை சிவப்புத் தூளைக் கொண்டுவந்து இறக்கியதில்தான் எங்கள் கேடுகாலம் ஆரம்பித்தது. அந்தத் தூளைத் தண்ணீர்விட்டு அம்மியில் அரைத்துப் பூசிச் சுட்டால், குதிரை தேன் நிறத்தில் கண்ணாடியாய் மின்னும். நாங்கள் அதை "மினுக்கு" என்போம். அம்மா அதில் சொக்கித்தான் போனாள். மினுக்கு நைஸாக அரைபட்டிருக்கிறதா என்று அவள் எப்படிப் பார்த்தாள் என்கிறீர்கள்? மண்ணைப் பார்த்தது மாதிரியேதான், பல்லில் வைத்து. "மண்ணுக்கு இது தேவல, லேசா தித்திக்குது" என்று சிரிக்கவும் செய்தாள்.

முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பச்சை மல்லாட்டைக் கடலை தின்ற சூடு என்று மோர் கொடுத்தோம். ஈறில் மை தீட்டியது மாதிரி ஒரு கோடு விழுந்தது, உப்பு வைத்துத் தேய்த்தாள். யாரோ என்னமோ வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் பேச்சு வரவே, திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்துகொண்டு வந்தோம். அப்புறம் ஒருநாள், குதிரையின் நெற்றியில் பூ ஒட்டப் போனவளின் வலது கை மணிக்கட்டோடு மடிந்து தொங்கிற்று.

"இன்னாமே, கையத் தூக்கு" என்றார் அப்பா.

"தூக்கிக்கினுதான்யா இருக்கேன்" என்றாள் அம்மா.

ஐயோ, அந்த முகம்! கை எழும்பவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

விழுப்புரத்து டாக்டர் ஈறைப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார், அப்பா பொட்டலத்தில் கொண்டுபோயிருந்த தூளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது காரீயம்மா, விஷம். இதப் போயி எதுக்கு வாயில வெச்சீங்க?"

"கல்லு இருந்தா தெரியணும் இல்லீங்களா, சார்?" என்றாள் அம்மா.

அந்தத் தூள் இருக்கிற பக்கமே போகாதீர்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். மாத்திரையில் வயிற்றுவலி நின்றது, கையும் கொஞ்சம் எழும்பிற்று. எழும்பிய கையை என்ன செய்தாள் தெரியுமா? நேராகக் கொண்டுபோய் மினுக்குச் சட்டிக்குள்தான் விட்டாள். அப்பா கத்தினார், நான் அழுதேன். "நாக்குலயா வெக்கிறேன், கையாலதானே கலக்கறேன், ஏன் பேஜாரு பண்றீங்க" என்று எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டாள். அந்தக் கையாலேயே சோறும் தின்றாள். மாசி மாதம் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் இல்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அவள் பூ ஒட்டி முடித்து, இன்னும் சுடாத குதிரைகள் கொட்டகையில் நின்றிருந்தன. மினுக்குப் பூச வேண்டாம், வெறுமனே ஒரு தடவை சுட்டுக் கொடுங்கள், எனக்கு ஒன்று போதும் என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "இனிமே இந்த வூட்ல நெருப்பு மூட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரைகளைத் தூக்கி வெளியே வைத்தார். ஐப்பசி மழையில் முதலில் பூக்கள் கரைந்தன, பிறகு கால்கள். கார்த்திகையில் அங்கே சேறுதான் கிடந்தது.

இன்று அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் யாரோ பஞ்சர் கடை வைத்திருக்கிறார்கள். அருமையான தொழிலை விட்டுவிட்டீர்களே என்று அங்கலாய்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொழில் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பாண்டிச்சேரிப் பக்கம் போனால், பெரிய வீட்டு வாசலில் தேன் நிறக் குதிரை நிற்கிறதா என்று கண் தானாகத் தேடுகிறது. போன மாதம் ஒரு வீட்டில் நின்றது. நெற்றிப் பூவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். யாரம்மா நீ, தொடாதே என்று காவலாளி விரட்டினார். வந்துவிட்டேன்.