உதடு தெரிகிற அளவுக்கு

சாங்வியில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிற டிவிக்கு ஒரு பெயர் உண்டு என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. லேப்டாப்பில் ஒரு பட்டியல் திறந்தது. ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளப் பெயர், அதற்குக் கீழே கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொன்று, அதற்கும் கீழே யார் வீட்டு ஸ்பீக்கரோ. எது எங்களுடையது என்று டிவியிடமா கேட்க முடியும்? முதல் பெயரை அமுக்கினேன். இணைக்கிறேன், இணைக்கிறேன் என்று வெகுநேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது. ஏன் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீஸில் யாராவது இப்படிப் பதில் சொன்னால் நான் லேசில் விடமாட்டேன்.

மகளின் முகத்தை லேப்டாப்பிலிருந்து அந்த டிவிக்குக் கொண்டுபோக வேண்டும், வயர் இல்லாமல். வேலை அவ்வளவுதான்.

என் கணவருக்குக் காது கேட்காது. ஓய்வு பெறும்வரை இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் இருந்தார். காலையில் உள்ளே போனால் மாலைவரை இடிதான். அங்கே யாரும் கத்திப் பேசமாட்டார்கள், கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, இந்த மிஷினிலிருந்து அந்த மிஷினுக்குப் பேசிக்கொள்வார்கள். டீ சொல்வது, சூப்பர்வைசரைத் திட்டுவது, வீட்டுக் கஷ்டம் சொல்வது, எல்லாம் உதட்டிலேயே நடக்கும். அதனால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எதிரே நின்று பேசினால் முக்கால்வாசியைப் பிடித்துவிடுவார். மிச்சத்தை ஊகித்துக்கொள்வார். காதில் வைக்கும் மிஷின் இரைச்சலைத்தான் கூட்டுகிறது என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

மகள் இந்தப் பேச்சைச் சின்ன வயதிலேயே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாள். நான் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது என் முதுகுக்குப் பின்னால் அப்பாவும் மகளும் சத்தமில்லாமல் பேசி முடித்துவிடுவார்கள். திரும்பினால் இரண்டு பேரும் சாதுவாக உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வடாபாவ் வண்டிக்குக் கிளம்புவார்கள். "இன்னா பேசினீங்க?" என்றால் "ஒன்னும் இல்லையே" என்று இரண்டு வாயும் சேர்ந்து சொல்லும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பொறாமை என்றால் பொறாமைதான்.

அந்த மகள் வேலைக்காக டப்ளின் போனாள். வீட்டில் பேச்சு பாதியானது. அவருக்கு அது பாதியோடு நிற்கவில்லை, முழுசாகவே போனது. போனில் அவள் முகம் உள்ளங்கையளவு, அதில் உதடு எத்தனை பெரிதாக இருக்கும்? நெட் இழுத்தால் முகமே கட்டம் கட்டமாக உடையும். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பார், இறக்கிப் பார்ப்பார், கையை ஆட்டுவார், "நீ பேசு" என்று போனை என்னிடம் தந்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். நான் பேசித் தீர்ப்பேன். வைத்ததும் வந்து நிற்பார்.

"இன்னா சொன்னா?"

"நல்லா இருக்காளாம்."

அவ்வளவுதான் சொல்வேன். அவள் சொன்ன அத்தனையையும் அவர் முகத்துக்கு நேராக நின்று மறுபடி சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கும். குக்கர் வேறு கூப்பிடும். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் திடீரென்று கேட்டாள்: "ம்மா, அப்பாக்கு என்மேல கோவமா? நான் போனது புடிக்கலையா? பேசறதே இல்ல." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பால்கனியில் அவர் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ரிக்‌ஷா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமா? உதடு தெரியவில்லை, அவ்வளவுதானே. ஆனால் அதை அவள் அங்கே அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்படியே விட்டால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அந்நியமாகிவிடுவார்கள் என்று பயம் வந்தது.

அவள் விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்தோம். போனுக்கு அது தேவலை, ஆனாலும் பாதிதான் பிடிபட்டது. மூக்கு உரசுகிற அளவுக்கு அவர் திரைக்குப் பக்கத்தில் போனதும் மகளுக்கு அப்பாவின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அப்போதுதான் டிவி யோசனை. வயர் போட்டால் போச்சு என்று கடைக்குப் போய் வாங்கி வந்தேன். லேப்டாப்பில் அந்த வயருக்கு ஓட்டையே இல்லை. மெல்லிசாக இருக்க வேண்டுமென்று எடுத்துவிட்டார்களாம். போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்த்தேன், நட்டநடுவில் ஒரு பட்டையாக வந்து நின்றது. பட்டைக்குள் மகள்.

நான் ஹவுசிங் சொசைட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். கம்ப்யூட்டர் எனக்குப் புதிதில்லை, அந்த மிதப்பு கொஞ்சம் உண்டு. அது அந்த ஞாயிறுகளில் நன்றாக இறங்கியது. போனில் மகள் சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் அமுக்குவேன்.

"ம்மா, விண்டோஸ் பட்டனும் கே-யும் சேத்து அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"டிவி பேரு வருதா?"

"ரெண்டு பேரு வருது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது."

"அரே, ஒன்னு பக்கத்து வீட்டோடதா இருக்கும். அதத் தொடாத."

"எது பக்கத்து வீடு?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நான் டப்ளின்ல இருக்கேன்!"

ஒரு வாரம் வைஃபைதான் காரணம் என்றாள். எங்கள் வைஃபைக்கு இரண்டு பெயர், ஒன்றின் வாலில் 5ஜி. டிவி ஒன்றில் இருந்தது, லேப்டாப் மற்றதில். ஒரே பெட்டியிலிருந்து வருவதற்கு எதற்கு இரண்டு பெயர்? ஒன்றுக்கே இரண்டையும் மாற்றினேன். முடியவில்லை என்றது. அடுத்த வாரம் லேப்டாப்பின் டிரைவர் சாப்ட்வேரைப் புதுப்பிக்கச் சொன்னாள். அது முடிந்து லேப்டாப் தானாக அணைந்து எழுந்து, முன்பைவிட வேகமாக முடியவில்லை என்றது. டிவியின் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹால் முழுக்க நடந்தேன். ஒரு தடவை பச்சை டிக் வரப்போவது போல வந்து போய்விட்டது. நான் எதுவுமே செய்யாத நேரம் அது. ஏன் வந்தது, ஏன் போனது, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இத்தனை நேரமும் என் கணவர் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், சத்தமில்லாமல், கீழே ஓடும் எழுத்தைப் படித்தபடி. முன்பு ஒரு தடவை தெரியாமல் ரிமோட்டில் கை பட்டு டிவி அலறி, கீழ் வீட்டு மராத்திக்கார அத்தை, காகூ என்போம், படியேறி வந்து "ஜரா ஆவாஸ் கமி கரா" என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தத்தைக் குறையுங்கள் என்று காது கேட்காத மனிதரிடம் சொன்னால் என்ன செய்வார்? ஒரேயடியாகக் குறைத்து பூஜ்யத்தில் வைத்துவிட்டார். ரிமோட்டை யாரிடமும் தருவதும் இல்லை.

அந்த ரிமோட்தான் எங்கள் சனியன் என்பது ஒரு நாள் தற்செயலாகத் தெரிந்தது. லேப்டாப்பில் பெயரை அமுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கினேன். டிவியின் மூலையில் ஒரு பெட்டி முளைத்தது. இந்த லேப்டாப்பை அனுமதிக்கலாமா என்று கேட்டது. அவர் ரிமோட்டைத் தூக்கி, நிதானமாக, அதை விலக்கிவிட்டுச் செய்தியைத் தொடர்ந்தார்.

ஓடிப்போய் முன்னால் நின்றேன். "இன்னா பண்ணீங்க?"

"விளம்பரம். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வருது. நானும் தள்ளி வுட்டுக்கினே இருக்கறேன்."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நானும் மகளும் இத்தனை வாரம் போனில் கத்திக்கொண்டிருந்தது என்ன விஷயமென்றே அவருக்குத் தெரியாது. வேலை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டிருந்தேன். இப்போது சொன்னேன். "உங்க பொண்ணு டிவியில வரப்போறா. அவ பேசறது உங்களுக்குத் தெரியணும்னுதான்." என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

இந்தத் தடவை லேப்டாப்பில் மகளைக் கூப்பிட்டுவிட்டு டிவி பெயரை அமுக்கினேன், பெட்டி வந்தபோது நானே அனுமதித்தேன். டிவி கறுத்தது. கறுத்தபடியே இருந்தது. போச்சு என்று நினைத்த நேரத்தில் சுவர் முழுக்க மகள். எங்கள் ஹாலுக்கு அவள் முகம் மிகப் பெரிது. வாயோரத்தில் இருக்கிற மச்சம்கூடத் தெரிந்தது. அவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

அவள் உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

இது என்ன புதுக் கோளாறு? இதுவரை லேப்டாப்பில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் எங்கே போனது? லேப்டாப்பின் சத்தத்தை ஏற்றினேன், நூறு என்றது. மைக்கைப் பார்த்தேன், காமிராவைப் பார்த்தேன், தொட்டதையெல்லாம் மறுபடி தொட்டேன். "கேக்கலடி, கேக்கல" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டிவியில் படம், லேப்டாப்பில் படம், இரண்டிலும் வாய் அசைகிறது, ஒன்றிலும் ஒலி இல்லை. படம் போன வழியிலேயே சத்தமும் டிவிக்குப் போயிருக்க வேண்டும் என்று எப்போதோ மண்டையில் உறைத்தது. டிவியின் சத்தம்தான் பூஜ்யத்தில் இருக்கிறதே! அவர் பக்கத்திலிருந்த ரிமோட்டை எடுத்து, விரல் வலிக்க ஏற்றினேன்.

சத்தம் வந்தது. டப்ளினில் அவளுடைய கெட்டில் கொதிக்கிற சத்தம் ஹால் முழுக்க இரைந்தது. வெளியே ஒரு பஸ் போனது. கெட்டில் டக்கென்று அணைந்தது, அதுவும் கேட்டது. அவள் பேச்சு மட்டும் கேட்கவில்லை.

கெட்டில் கேட்கிறது, பிள்ளை பேசுவது கேட்கவில்லை என்றால் இதை எந்த மெனுவில் போய்ச் சரிசெய்வது? ரிமோட்டும் கையுமாக நின்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. குரல் இல்லாமல். லேப்டாப்பின் காமிராவுக்கு நேராக முகத்தை வைத்து, கைகள் மடியில் கிடக்க, சளைக்காமல் அசைந்துகொண்டிருந்தது. மேலே அவள் தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள், எதற்கோ புருவத்தைத் தூக்கினாள், மறுபடி ஏதோ சொன்னாள்.

எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை.

சந்தோஷம் ஒரு பக்கம். என் வீட்டு ஹாலில், என் உழைப்பில் வந்த படத்தில், எனக்கு ஒரு சொல் புரியவில்லையே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். அவள் எதற்கு அழுதாள்? அவர் என்ன சொன்னார், அவள் அப்படிப் புருவத்தைத் தூக்கினாளே? பொறுக்க முடியாமல் அவர் முழங்காலைத் தட்டினேன். திரும்பினார்.

"இன்னா சொல்றா?"

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சொன்னார்.

"நல்லா இருக்காளாம்."

டிவியில் மகள் வெடித்துச் சிரித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். ரிமோட் என் கையில்தான் இருந்தது. நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.