கடைசி ஒன்பது வரிகள்

அலுவலகத்தில் அவருக்குப் பிளேடு என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள், பேசியே ஆளைக் கொல்கிற பேர்வழி போலிருக்கிறது என்று பயந்து ஒரு வாரம் அவர் மேசைப் பக்கமே போகமாட்டார்கள். மனிதர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம் என்பது பிறகுதான் தெரியும். சட்டைப் பையில் காகிதம் சுற்றி வைத்திருந்த சவரப் பிளேடுதான் அந்தப் பெயரை வாங்கித் தந்தது. கணினி வருவதற்கு முன்னால் நாளிதழின் பக்கத்தைக் கையால்தான் ஒட்டுவார்கள். செய்தி நீளநீளமான தாள் பட்டைகளாக வரும். அதை வெட்டி, பக்கம் அளவுள்ள அட்டையில், கோடு பிசகாமல் ஒட்டவேண்டும். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டவேண்டும். செய்தியில் முக்கியமானது மேலேயே வந்துவிடும் என்பதால், அடியில் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அந்தத் தொழிலின் கணக்கு.

ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. குழாய் வாஷர் மாற்றுவது, மனைவியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவது என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் விமர்சகரின் மகள் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள்.

விமர்சகர் என்றால் அந்த ஊரில் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை காலையில் அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவது என்று பாதி ஊர் வைத்திருந்தது. எத்தனை மோசமான படமானாலும், அதில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவரைப் பற்றியாவது ஒரு நல்ல வரி எழுதியிருப்பார். இரண்டு வருடம் முன்பு அவர் இறந்தபோது மூன்று தியேட்டர்களில் காலைக் காட்சியை நிறுத்தினார்கள். மகள் இப்போது அவர் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிளேடு அவளுக்குச் சித்தப்பா. ரத்த உறவு ஒன்றுமில்லை. அவள் ஆறு வயதுப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து அச்சுப் படியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடிவந்தவர் என்பதால் வந்த உறவு.

"அப்பாவோட நெருங்கின சிநேகிதர் நீங்கதான் சித்தப்பா. ஞாயித்துக்கிழமை உங்களை எடுக்கறோம். அதுக்கு முன்னாடி எடுத்த வரைக்கும் ஒரு தடவை பாருங்க" என்றாள்.

நாற்பது நிமிடம் ஓடியது. டிக்கெட் கிழிப்பவர், பள்ளி ஆசிரியை, ஒரு பல் மருத்துவர் என்று ஆளாளுக்கு உருகினார்கள். பிளேடின் மனைவி இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். அதற்கப்புறம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் திரையில் வந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். இருபது வயதில் ஒரே ஒரு படத்தில் நடித்தவர்.

"'இந்தப் பெண் நடிக்க வந்திருக்கவே வேண்டாம்.' என் படத்தைப் பத்தி உங்கப்பா கடைசியா எழுதின வரி அது" என்று வீட்டு விலாசம் சொல்கிற குரலில் சொன்னார். "அடுத்த படத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் தயாரிப்பாளர் போன் பண்ணி, 'படிச்சியாம்மா'ன்னு கேட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாரும் போன் பண்ணல."

மகள் படத்தை நிறுத்தினாள். "அப்பா இப்படி எழுதற ஆளில்ல. ஆனா எழுதியிருக்கார், பேப்பரை எடுத்துப் பாத்துட்டேன். இதை நான் மறைக்கப் போறதில்ல சித்தப்பா."

பிளேடு தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் எழுந்து சமையலறைக்குள் போனார். போனவர் குழாயைத் திறக்கவே இல்லை.

முப்பத்தொரு வருடம் முன்பு, ஒரு வியாழக்கிழமை. வெள்ளி இணைப்பு மூன்று மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். இரண்டரைக்கு ஒரு மெத்தை விளம்பரம் வந்து சேர்ந்தது. கட்டாயம் போட்டாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பக்கத்தைப் பார்க்கிற உதவியாசிரியர் விடுப்பில் இருந்தார். விமர்சகர் வேறொரு படம் பார்க்கத் தியேட்டருக்குள் போயிருந்தார், கேட்க வழியில்லை. பிளேடு அடிக்கோலை வைத்தார். ஒன்பது வரி போனால் போதும். பார்த்தால், அந்த ஒன்பது வரியும் ஒரு தனிப் பத்தி. இதைவிடச் சுத்தமாக ஒரு வெட்டு அமையாது என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. படித்துப் பார்க்கவில்லை. கோடு இழுத்தார், வெட்டினார், மெத்தையை ஒட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விமர்சகர் மாடிப்படியில் அவரை நிறுத்திப் பத்திரிகையைக் காட்டினார். 'இந்தப் பெண் நடிக்க வந்திருக்கவே வேண்டாம்' என்று ஒரு பத்தி முடிகிறது. வெட்டுப்பட்டுப் போன அடுத்த பத்தி, 'இடைவேளை வரை அப்படித்தான் நினைத்தேன்' என்று தொடங்குகிறது. நாளைக்கே திருத்தம் போடவேண்டும், ஆசிரியரிடம் போகிறேன் என்று விமர்சகர் படியேறினார்.

பிளேடு அவர் பின்னாலேயே ஓடினார். போன மாதம்தான் ஒரு கம்பெனித் தலைவரின் படத்துக்குக் கீழே, காணாமல் போன நாயின் அடையாளங்களை ஒட்டிவிட்டு வசமாக மாட்டியிருந்தார். தற்காலிக வேலை. இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எழுத்தில் வாங்கியிருந்தார்கள். படியிலேயே விமர்சகரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனைவிக்கு எட்டு மாதம் அண்ணே என்றார்.  விமர்சகர் சரி என்று சொல்லிவிட்டு, ஏறிய படிகளைத் திரும்ப இறங்கிப் போனார். திருத்தம் வரவில்லை. பிளேடு குப்பைக் கூடையைக் கிளறி அந்த ஒன்பது வரியைத் தேடி எடுத்து, ஒரே ஒரு முறை படித்துவிட்டு, யார் கண்ணிலும் படக்கூடாதென்று பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டார்.

அதன் பிறகுதான் ஒவ்வொரு வியாழனும் அச்சுப் படியோடு விமர்சகரின் வீட்டுக்கு ஓடியது. ஒரு கமாவை எடுப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஊர் அதற்கு நட்பு என்று பெயர் வைத்தது. இருவரும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

விமர்சகரின் மகள் போன பிறகு மனைவி இஸ்திரி போட உட்கார்ந்தாள். பிளேடு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவிட்சை அணைத்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப என் வயித்தைக் காட்டித்தான் கெஞ்சினீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"நம்ம பையனுக்கு முப்பத்தோரு வயசாகுது. எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கல." கொஞ்ச நேரம் சட்டைக் காலரையே நீவிக்கொண்டிருந்தாள். "கேமராகிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. போகாம திரும்பி வந்தீங்கன்னா கதவைத் திறக்கமாட்டேன்."

அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். சனிக்கிழமை காலை பிளேடு பேருந்தில் ஏறினார். போகிற வழியெல்லாம் அந்த ஒன்பது வரியை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். முதல் வரி தெரியும். நடுவில் ஒரு காட்சி தெரியும். கடைசி வரிதான் பிடிபடவில்லை. யோசிக்க யோசிக்க, விமர்சகர் எழுதுகிற தோரணையிலேயே ஒரு வரி தானாக வந்து நின்றது. நல்ல வரிதான். இதுவாகத்தான் இருக்கும் என்று இறங்கும்போது முக்கால்வாசி நம்பிவிட்டார்.

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம் இடைவெளி இருந்தது. அந்த அம்மாள் ஆசிரியை இருக்கையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. ஓட்டுபவரின் இருக்கைதான் காலி. பிளேடு அதில் உட்கார்ந்தார்.

"இந்த வயசுல கத்துக்கணுமா சார்?"

"இல்லம்மா. நான் பேப்பர் ஆபீஸ்ல பக்கம் ஒட்டினவன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொல்லி முடித்தார். வண்டி ஓடவில்லை. ஆனாலும் அந்த அம்மாளின் கால் பிரேக்கை அழுத்தியிருந்தது.

"மெத்தையா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"தினமும் அந்தாளோட சண்டை போட்டேன் சார். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, என் கல்யாணத்தன்னிக்குக்கூட. என்கிட்ட என்ன குறையைக் கண்டுட்டீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப வந்து அவர் அப்படி நினைக்கவே இல்லன்னு சொல்றீங்க. அப்ப நான் இத்தனை வருஷம் யாரோட சண்டை போட்டேன்?"

 வெட்டுப்பட்டதில் என்ன இருந்தது என்று அந்த அம்மாளே பிறகு கேட்டார். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற காட்சியைப் பற்றி எழுதியிருந்ததாகப் பிளேடு சொன்னார். கொடுத்த பிறகும் கை நீட்டியபடியே நிற்கிறது, அந்தக் கையைப் பற்றித்தான் நாலைந்து வரி என்றார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "டைரக்டர் கட் சொல்ல மறந்துட்டார் சார். சொல்லாம கையை இறக்கினா திட்டு விழும்னு நின்னேன்." சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "கடைசி வரி என்ன?"

பேருந்தில் வந்த வரி நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அந்த முகம் எப்படி மாறியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"ஞாபகம் இல்லம்மா."

"நிஜமாவா?"

"நிஜமா. ஒரு தடவைதான் படிச்சேன்."

"நல்லது. கேமரா முன்னாடி அழகா எதையாவது ஜோடிச்சு வெச்சுடாதீங்க." குறிப்பேட்டை மூடினார். "அவருக்குத் தெரியுமா? இப்படி வெட்டிப் போட்டது?"

"மறுநாளே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தார்?"

"நான்தான் கெஞ்சினேன்."

"நீங்க கெஞ்சினீங்க சார், சரி. பேசாம இருந்தது அவர்தானே." வெளியே ஒரு மாணவி கண்ணாடியைத் தட்டினாள். "எனக்காக ஏதாவது செய்யணும்னா அதைச் சொல்லுங்க. பாராட்டெல்லாம் இனிமே எனக்கு எதுக்கு? இறங்குங்க, வகுப்பு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஒரு ஒலிப்பதிவாளரோடு வந்தாள். கேமரா முன்னால் உட்காருவதற்கு முன்பே, வெட்டியது தன் கை என்பதை மட்டும் பிளேடு அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா அப்படி எழுதமாட்டார்னு எனக்குத் தெரியும் சித்தப்பா. எனக்குத் தெரியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இத்தனை நாளாகத் தலையில் வைத்திருந்த மூட்டையை இறக்கியவள் மாதிரி இருந்தாள். ஒலிப்பதிவாளரிடம்கூட ஏதோ வேடிக்கையாகப் பேசினாள். பிளேடின் சட்டைக் காலரை அவளே சரிசெய்தாள்.

அவள் விரல் கழுத்தில் பட்டபோது, இத்தோடு விட்டுவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றாமலில்லை. இறந்தவர் பெயர் சுத்தமாகும். பெண் நிம்மதியாவாள். தப்பு முழுவதும் தன் தலையில் விழும், அது விழவேண்டிய தலைதான். யாருக்கும் ஒரு குறையும் இருக்காது, ஓட்டுநர் பள்ளியில் இருக்கிற ஒருவரைத் தவிர. சமையலறை வாசலில் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அங்கிருந்து நகரவில்லை.

கேமரா ஓடத் தொடங்கியது. பிளேடு வாழ்க்கையில் அத்தனை நீளமாகப் பேசியதில்லை. பட்டை, அடிக்கோல், மெத்தை, குப்பைக் கூடை எல்லாவற்றையும் சொன்னார். கடைசி வரி ஞாபகமில்லை என்பதையும் சொன்னார். மகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மாடிப்படியைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

"அப்பாவுக்கு இது தெரியாதுல்ல சித்தப்பா?"

"தெரியும் கண்ணு. மறுநாளே வந்து கேட்டார். திருத்தம் போடறேன்னு கிளம்பினார். நான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். விட்டுட்டார்."

அவள் தலை ஆடுவது நின்றது. அடுத்த கேள்விக்கு எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தாள். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

"என்ன சொல்லிட்டு விட்டார்?"

இதை மட்டும் பிளேடு ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தார். "'சரி தம்பி, விடு. சின்னப் பொண்ணு, இன்னும் நாலு படம் வரும். அடுத்த படத்துக்குச் சேத்து நல்லா எழுதிடறேன்'னார்."

 ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைத் தயக்கத்தோடு கழற்றினார்.

"மன்னிச்சுக்கங்க. கீழ லாரி போச்சு. கடைசி ரெண்டு பதிலும் அதுல அடிபட்டுப் போச்சு. உபயோகப்படாது."

மூன்று பேரும் மகளைப் பார்த்தார்கள். அவள் கேமராவின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு முடிந்துபோயிருக்கும், அவள் மேல் யாரும் குற்றம் சொல்லவும் முடியாது.

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஓடுதா?" என்று கேட்டாள். ஒலிப்பதிவாளர் ஓடுகிறது என்றார்.

"சித்தப்பா, அப்பாவுக்கு இது தெரியுமா?"